கயிறு இழுப்பும் பரிவு நரம்பும்

சென்ற பொங்கல் விழாவன்று சங்கத் திடலில் நடந்த 'அறுபதைக் கடந்தோர்' கயிறு இழுக்கும் போட்டியில் எங்கள் அணி வென்றதையும், வென்ற அடுத்த நிமிடமே அணியின் கடைசி ஆளான நான் கண் இருட்டிச் சரிந்ததையும் பார்த்த அன்பர்கள் பலர். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர், "சர்க்கரை இறங்கியிருக்கும்" என்று சொல்லிக் கையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை என் வாயருகே கொண்டு வந்தார். (மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊட்டக் கூடாது என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.) புண்ணியவான் ஒருவர் மட்டும் என்னைப் படுக்க வைத்து, கால்களைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தார். இரண்டு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்குத் தடையுத்தரவு. கயிறு மட்டுமல்ல, காலை நடையும் கூடாது என்றாள் மனைவி. எனக்கும் உள்ளூரப் பயம்தான். இரண்டு மாதம் நடக்கவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது, இடுப்பு பெருத்தது. இதற்கிடையில் ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்துப் பார்த்தாயிற்று. இதயத்தில் கோளாறு இல்லை என்று வந்தது. நம் சங்க அன்பர் ஒருவரின் மகள் டாக்டராக இருக்கிறாள். அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"அங்கிள், கயிற்றை இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தீங்களா?" என்பது அவளுடைய முதல் கேள்வி. ஆமாம் என்றேன். "ஜெயிச்சதும் என்ன பண்ணினீங்க?" கயிற்றை விட்டுவிட்டு அசையாமல் நின்றேன் என்றேன். "ப்ராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?" அதற்கும் ஆமாம். அவள் சிரித்துவிட்டாள். பிறகு அரை மணி நேரம் விளக்கினாள். அதைக் கேட்டுக்கொண்டு வந்து, நானும் சில புத்தகங்களைப் புரட்டியதில் புரிந்ததைத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. ரயில்வேயில் ஐ.ஓ.டபிள்யூ. ஆகச் சேர்ந்து, குடியிருப்புகளும் குழாய்களும் பராமரித்து ஓய்வு பெற்ற டிப்ளமோக்காரன். ஆனால் விஷயம் குழாய் விஷயமாக இருந்ததால் எனக்குச் சுலபமாகப் பிடிபட்டது.

முதலில் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. அதில் உடம்பிலுள்ள தசைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு லிட்டர்தான் போகிறது. ஆரோக்கியமான இளைஞன் மூச்சிரைக்க ஓடும்போது இதயம் 20 முதல் 25 லிட்டர் வரை இறைக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்கே போய்விடும். என் வயதில் அவ்வளவு இறைக்க முடியாது. ஆக, பம்பின் திறன் நான்கைந்து மடங்கு கூடுகிறது. தசைக்குப் போவதோ இருபது மடங்கு கூடுகிறது.

தசைகள் உண்மையில் எவ்வளவு கேட்கும்? 1985-இல் கோபன்ஹேகனில் பெர் ஆண்டர்சன், பெங்க்ட் சால்டின் என்ற இருவர், ஒரே ஒரு காலின் முன் தொடைத் தசையை மட்டும் உதைத்து வேலை செய்ய வைத்து அளந்தார்கள். இதயத்துக்குச் சிரமமே இல்லாத சிறிய வேலை. அப்போது ஒரு கிலோ தசை நிமிடத்திற்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் இரத்தத்தை இழுத்தது! 65 கிலோ எடையுள்ள ஆளுக்கு 26 கிலோ தசை இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: 65 லிட்டர். பம்பு கொடுப்பதோ அதிகபட்சம் 25. எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் தங்கள் குழாய்களை முழுதும் திறந்துவிட்டால் இரத்த அழுத்தம் அதல பாதாளத்துக்குப் போய்விடும். மூளைக்குச் சொட்டுக்கூட ஏறாது. அமெரிக்க உடலியல் அறிஞர் லோரிங் ரோவெல் இதனால்தான் தசையை 'உறங்கும் பூதம்' என்ற பொருளில் வர்ணித்தார். நாமாக இருந்தால் கும்பகர்ணன் என்றிருப்போம்.

இந்த நிலைமை எனக்குப் புதிதல்ல. விதர்ப்பப் பகுதியில் ஒரு ரயில்வே காலனியின் தண்ணீர் விநியோகம் சில ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தது. மே மாதத்தில் எல்லாக் குவார்ட்டர்ஸிலும் ஒரே சமயத்தில் குழாயைத் திறப்பார்கள். திறந்தால் கடைசி வரிசை வீடுகளுக்குக் காற்றுதான் வரும். அதனால் எங்கள் வால்வுமேன் அதிகாலையில் சாவியோடு கிளம்பி, ஒவ்வொரு கிளைக் குழாயின் ஸ்லூஸ் வால்வையும் சில திருகு மூடி வைப்பான். "தண்ணீர் வேண்டிய நேரத்தில் வால்வை மூடுகிறானே!" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. மூடுவதால்தான் அவர்களுக்கும் வருகிறது என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

நம் உடம்பில் அந்த வால்வுமேன் வேலையைச் செய்வதுதான் சிம்பதெடிக் நரம்பு. தமிழ்ப் பாடநூல்களில் 'பரிவு நரம்பு' என்று போட்டிருக்கிறார்கள். உறுப்புகள் ஒன்றோடொன்று ஒத்துணர்ந்து இயங்க இவை உதவுகின்றன என்ற பழைய ஐரோப்பிய எண்ணத்தில் வைத்த பெயரின் மொழிபெயர்ப்பு அது. பெயர்தான் பரிவு, இரத்தக் குழாயைப் பொறுத்தவரை செய்வதெல்லாம் கெடுபிடி. முதுகுத்தண்டின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் கிளம்பி, தண்டின் இருபுறமும் சங்கிலி போல் முடிச்சிட்டு, அங்கிருந்து உடம்பெங்கும் உள்ள சிறு தமனிகளின் சுவர்களுக்குப் போய்ச் சேருகின்றன. நுனியில் நார்அட்ரீனலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அதைச் சுரப்பது இந்த நரம்புதான் என்று 1946-இல் காட்டியவர் சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லர். 1970-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அது பட்டதும் குழாய்ச் சுவரிலுள்ள தசை சுருங்கும், குழாய் குறுகும்.

குறுகினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பாலிடெக்னிக்கில் படித்த புவாஸெய் விதி போதும். (புவாஸெய் ஒரு டாக்டர், அவர் ஆராய்ந்தது இரத்த ஓட்டத்துக்காகத்தான் என்பதை எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.) குழாயின் ஆரத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒன்றாகும். பத்தில் ஒரு பங்கு குறுக்கினாலே மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் போய்விடும். எனவே இந்த வால்வுமேன் லேசாகத் திருகினாலே போதும். எதிர்ப்பக்கச் சோதனையும் உண்டு: 1851-ஆம் ஆண்டு வாக்கில் பாரிஸில் கிளாட் பெர்னார், முயலின் கழுத்தில் ஒரு பக்கப் பரிவு நரம்பை வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது சூடேறிச் சிவந்தது. வால்வுமேன் வேலைக்கு வரவில்லை என்றால் குழாய் தானாகத் திறந்துகொள்கிறது.

பயம் வந்தால், ஓட வேண்டி வந்தால், இந்த நரம்புகள் தசைக் குழாய்களைத் திறந்து இரத்தத்தைப் பாய்ச்சும் என்றுதான் நம்மில் பலர் படித்திருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி இரத்தத்தில் கலக்கும் அட்ரீனலின் தசைக் குழாய்களை ஓரளவு தளர்த்தும் என்பது சரி. ஆனால் நரம்பு தசைக் குழாய்க்கு அனுப்பும் செய்தி 'சுருங்கு' என்பதே. அது மட்டுமல்ல, உடற்பயிற்சி கடுமையாக ஆக ஆக அந்தச் செய்தி கூடுகிறது!

இதைக் கண்ணால் பார்க்கும் வழி 1960-களில் சுவீடனின் உப்சாலாவில் பிறந்தது. ஹாக்பார்த், வால்போ என்ற இருவர், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாக ஓடும் நரம்பில் மயிரிழை போன்ற டங்ஸ்டன் ஊசியைச் செருகி, விழித்திருக்கும் மனிதரின் நரம்புத் துடிப்பைப் பதிவு செய்யக் கற்றார்கள். இந்த முறையை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் 1985-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஊசி இருப்பது காலில். ஆளைக் கையால் ஒரு பிடியை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். சற்று நேரத்தில் காலுக்குப் போகும் பரிவு நரம்பு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. வேலை செய்வது கை, உத்தரவு காலுக்கும். ஒரு கிளையில் செலவு கூடினால் மற்ற கிளைகளையெல்லாம் இறுக்கு என்பதுதான் அது. குடலும் சிறுநீரகமும் அப்படித்தான் இறுக்கப்படுகின்றன. ஓய்வில் நிமிடத்திற்கு ஒரு லிட்டருக்கு மேல் வாங்கும் சிறுநீரகங்கள், கடும் பயிற்சியில் அதில் கால்வாசியோடு சமாளிக்கும் நிலைக்கும் வந்துவிடும். மூளையின் பங்கு மட்டும் பெரிதாக மாறுவதில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். உத்தரவு எல்லாத் தசைகளுக்கும் போகிறது என்றால், வேலை செய்யும் தசைக்கும் போகுமே? அதுவும் சுருங்கிக்கொண்டால் எப்படி ஓடுவது?

போகத்தான் போகிறது. ஆனால் வேலை செய்யும் தசை அந்த உத்தரவைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை. 1962-இல் அமெரிக்காவில் ரெமென்ஸ்னைடர், மிட்செல், சார்னாஃப் என்ற மூவர் நாய்களில் இதைக் காட்டினார்கள். ஓய்ந்திருக்கும் தசைக்கு நரம்பு வழியே 'சுருங்கு' என்று செய்தி போனால் இரத்த ஓட்டம் நன்றாகக் குறைகிறது. அதே செய்தி, வேலை செய்துகொண்டிருக்கும் தசைக்குப் போனால் பெரிதாக எடுபடுவதில்லை. இதற்கு அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் 'செயல்வழிப் பரிவுத் தளர்வு' என்று சொல்லலாம். ரயில்வே பாஷையில், கன்ட்ரோல் ஆபீஸ் எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே உத்தரவு போடுகிறது. வண்டி நிற்கும் ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் தன் நிலைமையைப் பார்த்து நடந்துகொள்கிறார்.

எப்படி மீறுகிறது? வேலை செய்யும் தசையிலிருந்தே பொருள்கள் கசிகின்றன: பொட்டாசியம், அமிலம், அடினோசின், நைட்ரிக் ஆக்ஸைடு. இரத்தச் சிவப்பணுக்களே ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் ஏ.டி.பி. என்ற பொருளை வெளியிட்டு, இங்கே குழாயைத் திற என்கின்றன. ஆக்ஸிஜன் சுமந்து வரும் வண்டியே, சரக்கு எங்கே பற்றாக்குறை என்பதையும் தெரிவிக்கிறது! இவற்றில் ஒன்றை அடைத்தாலும் மற்றவை ஈடு செய்துவிடுகின்றன. நைட்ரிக் ஆக்ஸைடின் பங்குக்கு ஒரு சோகமான சாட்சி உண்டு. டுஷேன் என்ற பரம்பரைத் தசைச் சிதைவு நோய் உள்ள சிறுவர்களின் தசையில் அதைத் தயாரிக்கும் நொதி இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை. 2000-ஆம் ஆண்டில் வந்த ஆய்வில், அந்தச் சிறுவர்கள் கையால் வேலை செய்யும்போதும் 'சுருங்கு' என்ற உத்தரவு முழுதாகப் பலித்தது தெரிந்தது. மீறும் சக்தி அந்தத் தசைக்கு இல்லை.

இந்த இடத்தில் என் காலனி உவமை உதவாது. எந்தக் குழாயும் வீட்டுக்காரர் தாகத்தைப் பார்த்துத் தானாக அகலமானதை நான் கண்டதில்லை.

மீறல் முழு மீறலும் அல்ல. தசையின் உள்ளே ஆழத்திலுள்ள மிகச் சிறிய குழாய்கள்தான் நன்றாக மீறுகின்றன. தசைக்குள் நுழையும் சற்றுப் பெரிய குழாய்கள் உத்தரவுக்கு இன்னும் கட்டுப்படுகின்றன. கும்பகர்ணன் எழுந்தாலும் கடிவாளம் இருக்கிறது. 1977-இல் டென்மார்க்கில் சேஷர் என்பவரும் அவருடைய சகாக்களும், காலால் சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பவர்களை நடுவில் கையாலும் சேர்த்துச் சுழற்ற வைத்தபோது, கால்களுக்குப் போன இரத்தம் குறைந்தது. பின்னால் வந்த எல்லாச் சோதனைகளும் அதே அளவைக் காட்டவில்லை. ஆனாலும் கையும் காலும் ஒரே பம்பைத்தான் நம்பியிருக்கின்றன.

இனி என் கயிற்றுக்கு வருகிறேன். நடப்பதிலும் ஓடுவதிலும் தசை மாறி மாறிச் சுருங்கித் தளர்கிறது. தளரும்போது இரத்தம் உள்ளே வருகிறது. சுருங்கும்போது சிரைகளைப் பிழிந்து இதயத்துக்கு மேலே தள்ளுகிறது. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்பது இதனால்தான். கயிற்றை இழுத்துப் பிடித்து நிற்பதில் தளர்வே இல்லை. இறுகிய தசை தன் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. உள்ளே கழிவு சேர, அதை உணரும் நரம்புகள் மூளைக்குத் தந்தி அடிக்க, மூளை பரிவு நரம்புகளை முடுக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. 1937-லேயே கெய்ரோவில் ஆலம், ஸ்மர்க் என்ற இருவர் இதைக் கண்டார்கள்: பயிற்சி முடிந்த பிறகும் இரத்த ஓட்டத்தைப் பட்டை கட்டி அடைத்து, கழிவைத் தசைக்குள்ளேயே நிறுத்தி வைத்தால், ஓய்வெடுத்தாலும் அழுத்தம் இறங்குவதில்லை, பட்டையை அவிழ்த்ததும் இறங்குகிறது. கூடவே மூச்சைப் பிடித்தால் மார்புக்குள் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். கனடாவில் 1985-இல் பயில்வான்கள் இரு கால்களாலும் பாரம் தள்ளும்போது தமனிக்குள்ளேயே கருவி வைத்து அளந்ததில் சராசரி உச்சம் 320/250; ஒருவருக்கு 480/350 வரை போனது. 120/80 என்று கேட்டால் நிம்மதிப்படும் நமக்கு இதைப் படித்தாலே தலை சுற்றும்.

அந்த நிலையில் சட்டென்று கயிற்றை விட்டுவிட்டு, மூச்சையும் விட்டு, சிலையாக நின்றால்? நசுங்கிக் கிடந்த தசைக் குழாய்கள் ஒரேயடியாகத் திறக்கின்றன. பசித்த தசை, தாமதத்துக்கெல்லாம் சேர்த்து வாங்குகிறது. காலிலுள்ள இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்ப கெண்டைக்கால் அசையவில்லை. அழுத்தம் சரிகிறது. கழுத்துத் தமனியிலுள்ள உணர்விகள் அதைக் கண்டு, வால்வை மூடு என்று பரிவு நரம்பை விரட்டுகின்றன. நரம்பும் நார்அட்ரீனலினைக் கொட்டுகிறது. ஆனால் என் ப்ராஸ்டேட் மாத்திரை, டாம்சுலோசின் வகை, அந்த நார்அட்ரீனலின் போய் ஒட்ட வேண்டிய இடங்களில் சிலவற்றை அடைத்து வைக்கும் மருந்து. சிறுநீர்ப் பாதையைத் தளர்த்துவதற்காகக் கொடுப்பது. இரத்தக் குழாயிலும் கொஞ்சம் கை வைக்கும். வால்வுமேன் சாவியோடு வந்தான், வால்வில் சாவி சரியாகப் பொருந்தவில்லை. மூளைக்குச் சில விநாடி இரத்தம் போதவில்லை, நான் கீழே.

டாக்டர் பெண் என் மாத்திரை வேளையை மாற்றினாள். அது எனக்குச் சொன்னது. யாரும் தாமாக மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். நீண்ட நாள் சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு இந்த நரம்புகளே பழுதாகி, எழுந்து நின்றதும் தலை சுற்றுவதுண்டு. உழைக்கும்போதே மயக்கமோ, மார்பில் வலியோ வந்தால் அது வேறு கதை. கட்டுரை படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் அடைத்த சூட்கேஸை இரண்டு கையிலும் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓவர்பிரிட்ஜ் ஏறுகிறோமே, அதுவும் கயிறு இழுப்புதான். நான் இப்போது கூலி போர்ட்டரோடு பேரம் பேசுவதில்லை. நாக்பூர் மே மாதத்தில் இன்னொரு பங்காளியும் வந்து சேருகிறான்: தோல். கடும் வெப்பத்தில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு மட்டும் நிமிடத்திற்கு ஏழெட்டு லிட்டர் வரை போகக்கூடும். தசையும் தோலும் ஒரே பம்பைப் பிய்த்துக்கொள்ளும் நேரத்தில் எட்டு மணி வெயிலில் வேக நடை வேண்டாம். வயிறு புடைக்கச் சாப்பிட்டவுடன் நடப்பதும் அப்படியே; அப்போது குடலும் தன் பங்கைக் கேட்கும்.

என்னை மறுபடி நடக்க வைத்தது இன்னொரு செய்தி. வயது ஏற ஏற, வேலை செய்யும் தசை உத்தரவை மீறும் அந்தத் திறன் மங்குகிறது. நடக்கும்போதே கால் தசைக்குப் போதிய இரத்தம் வராமல் போகிறது, கால் சீக்கிரம் களைக்கிறது, களைப்பதால் நடப்பதில்லை, நடக்காததால் இன்னும் மங்குகிறது. ஆனால் 2012-இல் கோபன்ஹேகனில் சால்டின் குழுவினர் இளைஞர்கள், உட்கார்ந்தே கழித்த முதியவர்கள், வாழ்நாள் முழுதும் உடலுழைப்பை விடாத முதியவர்கள் என்று மூன்று பிரிவினரை ஒப்பிட்டார்கள். தொடைத் தமனியில் ஒரு மருந்தைச் செலுத்தி நார்அட்ரீனலினை வலியச் சுரக்க வைத்து, காலுக்கு வேலை கொடுத்தார்கள். உட்கார்ந்தே கழித்தவர்களின் காலில் இரத்த ஓட்டம் குறைந்தது. விடாமல் உழைத்த முதியவர்களின் தசை, இளைஞர்களுடையதைப் போலவே அந்த உத்தரவை அலட்சியம் செய்தது. தாமதமாகத் தொடங்கியவர்களுக்கும் வழி இருக்கிறது: 2014-இல் அதே கோபன்ஹேகனிலிருந்து வந்த ஆய்வில், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சியிலேயே இந்தத் திறன் திரும்பியது.

இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு அவளும் காலணி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இப்போது அம்பாஜரி ஏரிப் பக்கம் இருவரும் நடக்கிறோம். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக. யாராவது வழியில் நிறுத்திப் பேசினால் நான் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருப்பேன். மரியாதைக் குறைவு என்று அன்பர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். வரும் பொங்கலுக்கு 'அறுபதைக் கடந்தோர்' கயிற்றுப் போட்டிக்குப் பதில் மெதுநடைப் போட்டி வைக்கலாமா என்று விளையாட்டுக் குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.